வெடிப்பையும் படத்தில் காணலாம்

கண்டிக்குப் பக்கத்து ஊரான வத்தேகமயிலிருந்து வாரந்தோறும் வெளிவரும் 'நகரகீர்த்தி' ஒரு கோயில் மணியால் பிறந்த பத்திரிகை.

எழுபத்தைந்து வருடங்களுக்கு முன்பு, ஊரின் பெரிய புடைவைக் கடை முதலாளியான கந்தையாபிள்ளை கோயிலுக்கு ஒரு வெண்கல மணி செய்து கொடுத்தார். கொழும்பு நாளிதழ் ஒன்று அதைச் செய்தியாகப் போட்டது. மணியின் எடை சரியாக வந்திருந்தது. மணியோசை மலைகளில் மோதித் திரும்புவது பற்றி ஓர் அழகான வரிகூட இருந்தது. ஆனால் கந்தையாபிள்ளை, கந்தப்பிள்ளை ஆகியிருந்தார். அவர் ரயிலேறிக் கொழும்புக்குப் போய்க் கேட்டார். எழுத்துப் பிழைதானே என்று சிரித்தார்கள். அவர் திரும்பி வரும்போது ஓர் அச்சு இயந்திரத்தை வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த மாதம் வெளியான 'நகரகீர்த்தி' முதல் இதழின் எல்லாப் பக்கங்களிலும் அவருடைய பெயர் பிழையில்லாமல் இருந்தது. மணியைப் பற்றி எழுத இடம் போதவில்லை.

'உள்ளதை உயர்வாய் உரைப்போம்' என்ற வாசகம் அன்றிலிருந்து முதல் பக்கத்தின் உச்சியில் இருக்கிறது.

கந்தையாபிள்ளைக்குப் பிறகு பத்திரிகை அவருடைய மகன் குழந்தைவேலுவிடம் வந்தது. இவர் காலத்தில் பத்திரிகை அப்படியே இருக்க, ஆசிரியரின் பெயர் வளர்ந்தது. பட்டம் வழங்கும் சங்கங்கள் நாட்டில் பெருகப் பெருக அது 'சாமஸ்ரீ தேசகீர்த்தி லங்காபுத்ர சமூகஜோதி க. குழந்தைவேலு ஜே.பி.' என்று நீண்டது. ஒவ்வொரு தடவையும் இதை அச்சுக்கோர்ப்பது பெரும் வேலையாக இருந்தபடியால், கணினி வந்ததும் 'கு' என்று தட்டினாலே முழுப் பெயரும் தானாக விழும்படி ஒரு வசதி செய்துகொண்டார்கள். அந்த வாரமே, சந்தைக்குப் பின்னால் கிடந்த குப்பையைப் பற்றி ஒரு வாசகர் எழுதியிருந்தது, சாமஸ்ரீ தேசகீர்த்தி லங்காபுத்ர சமூகஜோதி க. குழந்தைவேலு ஜே.பி. பல நாட்களாக அகற்றப்படாமல் நாறுவதாக வெளிவந்தது. விசாரணை நடந்தது. அந்த வசதியை நீக்குவதில்லை என்றும், 'கு'வில் தொடங்கும் மற்றச் சொற்களை நீக்குவது என்றும் முடிவாயிற்று. அன்றுமுதல் குப்பை, குழி, குடிநீர், குறை ஆகியவை நகரகீர்த்தியில் இடம்பெறுவதில்லை.

இன்னொரு விதியும் இருந்தது. பிரதம அதிதி இல்லாத எதுவும் செய்தி ஆகாது. ஒரு வருடம் பெருமழையில் ஓடைக்கரை வீடுகள் மூழ்கின. நிவாரணம் கொடுக்க யாரும் முன்வராத வரையில் நகரகீர்த்தியைப் பொறுத்தவரை வெள்ளம் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து அரிசிப் பொதி வழங்கும் விழா நடந்தது. அப்போது தண்ணீர் வடிந்துபோயிருந்ததால் வாளிகளில் கொண்டுவந்து ஊற்றிப் படம் பிடித்தார்கள். எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற காலத்தில் காகிதத் தட்டுப்பாட்டினால் பத்திரிகை பாதியாகச் சுருங்க வேண்டி வந்தது. எதை விடுவது என்று கூடிப் பேசினார்கள். செய்திகளை விட்டார்கள். படங்கள் இருந்தன. ஒவ்வொரு படத்தின் கீழும், இன்னார் விளக்கேற்றுவதையும் இன்னார் பொன்னாடை போர்த்துவதையும் 'படத்தில் காணலாம்' என்று எழுதியிருக்கும். படத்தில் காண முடியாதவை நடக்கவில்லை.

மோகனராஜ் இந்தப் பத்திரிகையின் உண்மையான வாசகன். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியபோது அவனுடைய படம் அதில் வந்தது. படம் முழுக்கக் குழந்தைவேலு இருந்தார். ஓரத்தில் மோகனராஜின் இடது காது பாதி தெரிந்தது. கீழே, 'மாணவன் ஒருவன் பரிசு பெறுவதையும் படத்தில் காணலாம்' என்று இருந்தது. அவனுடைய அப்பா அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்தார். இப்போது மோகனராஜுக்கு நாற்பது வயதாகிறது. அக்குறணைக்காரரான ஜவாஹிர் நானாவின் ஹார்ட்வெயார் கடையில் வேலை பார்க்கிறான். பரிசு கொடுத்த கையை மறக்கக்கூடாது என்று அவன் வருடந்தோறும் சந்தா கட்டி வந்தான்.

அவன் வீடு பீலிச் சந்தில் இருந்தது. அங்கே ஒரு காலத்தில் மலை ஊற்று பீலியாய் விழுந்த மேட்டின் அடியில் ஐந்து வீடுகள் வரிசையாக இருக்கின்றன. வீடுகளுக்குப் பின்னால் ஓர் உயரமான கல்மதில், மேட்டு மண்ணைத் தாங்கி நிற்கிறது. மேட்டின் மேல் இருந்தது நகரகீர்த்தியின் நிலம். பத்திரிகையின் எழுபத்தைந்தாம் வருடத்துக்காகக் குழந்தைவேலு அங்கே பவளவிழா மண்டபம் கட்டத் தொடங்கினார். நிலத்தை மட்டமாக்க லொறி லொறியாக மண் கொண்டுவந்து மதிலின் தலையில் கொட்டினார்கள். ஐப்பசி மழை பெய்தது. மோகனராஜ் வீட்டுக்கு நேர் பின்னால் மதில் மேலிருந்து கீழாக வெடித்தது. அந்தப் பக்கத்து அறையில்தான் அவனுடைய மகள் நிரோஷினி படிப்பாள், படுப்பாள். மனைவி துஷ்யந்தி அன்றைக்கே கட்டிலை முன்பக்கம் இழுத்துப் போட்டாள். ஆனால் முன்பக்கம் என்பதும் அந்தச் சிறிய வீட்டில் மதில் விழக்கூடிய தூரத்தில்தான் இருந்தது.

மோகனராஜ் ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போனான். அங்கே, இது பத்திரிகையில் வந்ததா என்று கேட்டார்கள். பத்திரிகையில் வராத வெடிப்பை எப்படிப் போய்ப் பார்ப்பது என்றார்கள். அவனுக்கு அது நியாயமாகவே பட்டது. நேராக நகரகீர்த்திக்குப் போனான்.

உதவி ஆசிரியர் இராமகிருஷ்ணன் அன்பானவர். கதிரையில் உட்காரச் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்க தம்பி. விழா எப்ப?"

"விழா இல்லீங்க சார். மதில் வெடிச்சிருக்கு."

"சரி, வெடிச்சிருக்கு. யார் தலைமையில?"

மோகனராஜ் யோசித்துப் பார்த்தான். மழை பெய்து தானாகத்தான் வெடித்தது என்றான்.

"தானா நடந்தா நாங்க எப்படிப் போடுறது? பிரதம அதிதி யாரு, கௌரவ அதிதி யாருன்னு இருக்கணும்ல."

எந்த மதில் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபோது இராமகிருஷ்ணன் பேனாவை மூடினார். பவளவிழா வருடத்தில் பத்திரிகையின் சொந்த மதில் வெடிக்க வாய்ப்பில்லை என்று விளக்கினார். அப்படியே வெடித்திருந்தாலும் அதை ஒரு குறை என்று எழுத முடியாது, அந்தச் சொல் கணினியில் இல்லை. ஆனாலும் நல்ல மனிதர் என்பதால் பவளவிழாக் குழுவின் பொறியியலாளரை அனுப்பி வைத்தார்.

பொறியியலாளர் தனபாலசிங்கம் யாழ்ப்பாணத்தவர். ஓய்வுபெற்றுக் கண்டியில் வந்து குடியிருந்தார். குடையைப் பிடித்தபடி மதிலை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓம், வெடிப்பு இருக்குது. ஆனா இருக்கிறது வேற, நகருறது வேற. குறுக்கால ஒரு பேப்பரை ஒட்டிவிடுங்கோ. கிழிஞ்சா வந்து சொல்லுங்கோ."

அவர்கள் நிரோஷினியின் கொப்பியிலிருந்து ஒரு தாளை எடுத்து வெடிப்பின் குறுக்கே ஒட்டினார்கள். சீக்கிரமே அது நடுவில் கிழிந்தது. மோகனராஜ் ஓடிப்போய்ச் சொன்னான். தனபாலசிங்கம் அதை எதிர்பார்க்கவில்லை. எப்போது ஒட்டியது, யார் கிழித்தது, அதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். திகதி இல்லாத பேப்பர் பேப்பரே இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மோகனராஜ் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். யார் சொன்னதும் பிழையாகத் தெரியவில்லை, ஆனால் எல்லாம் சேர்ந்து மதில் தன் வீட்டின் மேல் விழப்போகிறது என்பதுதான் அவனுக்கு விளங்காமல் இருந்தது. துஷ்யந்தி சாரி பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவங்களுக்கு ஒரு அதிதி தானே வேணும்? வச்சிருவோம் விழாவ," என்றாள்.

ஐந்து வீட்டுக்காரரும் கூடி 'மதில் வெடிப்பு மங்கலத் திறப்பு விழா' என்று அழைப்பிதழ் அடித்தார்கள். குழந்தைவேலு கோபித்துக்கொள்வாரோ என்று மற்றவர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் தேவையில்லாமல் போயிற்று. அவர் அழைப்பிதழ்களில் தன்னுடைய பெயரைத் தவிர வேறெதையும் படிக்கிற வழக்கமில்லாதவர். பெயர் முழுசாக இருந்தது. மாலை ரோஜாவா செவ்வந்தியா என்று மட்டும் கேட்டனுப்பினார்.

விழா நன்றாகவே நடந்தது. சந்து முனையில் வாழை கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் ஓடியது. பவளவிழாக் குழுவினர் ஆளுக்கொரு திரி ஏற்றினார்கள். வெடிப்பின் இரண்டு பக்கமும் ஆணி அடித்துச் சிவப்பு நாடா கட்டியிருந்தது. துஷ்யந்தியின் தையல் கத்தரிக்கோலை ஒரு தட்டில் வைத்து நீட்டினார்கள். குழந்தைவேலு படப்பிடிப்பாளரைப் பார்த்தபடி நாடாவை வெட்டினார். அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஒரு பிடி காரையும் மண்ணும் அவர் தலையில் விழுந்தன. பூத் தூவுகிறார்கள் என்று நினைத்து அவர் மேலே பார்த்துக் கும்பிட்டார். பிறகு பேசினார்.

"இந்த மதில் நமக்கு என்னத்தச் சொல்லுது? நல்லாப் பாருங்க. ஒரு மதிலா இருந்துச்சு, இன்னைக்கு ரெண்டு மதிலா வளர்ந்திருக்கு. எங்க பத்திரிகையும் அப்படித்தான். எழுபத்தஞ்சு வருஷத்துல நாங்க ஒரு கெட்ட செய்தி போட்டதில்ல. அதனாலதான் இந்த ஊருல கெட்டது ஒண்ணும் நடக்கல. போட்டிருந்தா என்னென்ன நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

பவளவிழாக் குழுவினர் யோசித்துப் பார்த்துக் கைதட்டினார்கள்.

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் பாதிக்கு மேல் அந்தப் படம்தான். மோகனராஜ் கடையில் நின்றபடியே கீழே எழுதியிருந்ததை வாசித்தான். பீலிச் சந்தில் இடம்பெற்ற மதில் விழாவில் பிரதம அதிதியாகக் கலந்து சிறப்பித்த சாமஸ்ரீ தேசகீர்த்தி லங்காபுத்ர சமூகஜோதி க. குழந்தைவேலு ஜே.பி. அவர்கள் நாடாவை வெட்டுவதையும், பவளவிழாப் பிரமுகர்கள் அருகில் நிற்பதையும், பிரதேச மக்கள் மகிழ்வுற்றிருப்பதையும் படத்தில் காணலாம்.

அவன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெடிப்பைத் தேடினான். வெடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் குழந்தைவேலுவின் முகம் இருந்தது. ஓரத்தில், மகிழ்வுற்ற பிரதேச மக்களாக, அவனுடைய காது பாதி தெரிந்தது. அதே இடது காது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சந்தா கட்டியும் அந்தக் காது ஒரு விரற்கடைகூடப் படத்துக்குள் நகர்ந்திருக்கவில்லை.

ஜவாஹிர் நானா அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "மோகன், இதுல வெடிப்ப மறைக்கத்தான் முதலாளி வந்து நிண்டீக்கார்," என்றார்.

மோகனராஜ் பத்திரிகையை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தான். துஷ்யந்தி படத்தைப் பார்த்தாள். பின்பக்கம் போய் மதிலைப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"படத்துல வெடிப்பு இல்லேன்னா என்னங்க, வெடிப்புல படத்த வச்சிருங்க. அதுல திகதியும் இருக்குல்ல."

கோதுமை மாவில் பசை காய்ச்சினார்கள். முதல் பக்கத்தை முழுசாக வெடிப்பின் குறுக்கே ஒட்டினார்கள். மேலே திகதி தெளிவாகத் தெரிந்தது. எங்கே சரியாக ஒட்டுவது என்று வந்தபோது, படத்தின் நடுவில் இருந்தது குழந்தைவேலுவின் மூக்கு என்பதால், மூக்கை வெடிப்பின் மேல் வைத்து நேர் பார்த்தார்கள். மழையில் நனைந்து கிழிந்தது என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக ஜவாஹிர் நானா கொடுத்த தகரத்தை மேலே கூரை போலச் சாய்த்துக் கட்டினார்கள்.

அடுத்த சில நாட்கள் மலை முழுக்க மழை. பீலிச் சந்துப் பிள்ளைகள் எல்லோரும் ஜவாஹிர் நானாவின் கடை மாடியில், சீமெந்து மூட்டைகளுக்கும் பெயின்ட் வாளிகளுக்கும் நடுவில் தூங்கினார்கள். நிரோஷினி அங்கேயே பரீட்சைக்கும் படித்தாள். மதில் தன் வேலையைப் பார்த்தது. முதலில் குழந்தைவேலுவின் நெற்றியில் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்தது. பிறகு அது இறங்கி மூக்கைப் பிளந்தது. வார முடிவில் ஒரு கண் ஒரு கல்லிலும் மறு கண் மறு கல்லிலும் இருந்தன. வாய் மட்டும் விரிந்து, அவர் முன்னெப்போதையும்விட அதிகமாகச் சிரிப்பது போல் இருந்தது.

ஊரில் யார் யாரோ வந்து பார்த்தார்கள். சந்தைக்கு வந்தவர்கள் மரக்கறிப் பையுடன் வந்தார்கள். அக்கம்பக்கத் தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு வந்தவர்கள் பஸ்ஸுக்கு நேரமிருக்கும்போது வந்துவிட்டுப் போனார்கள். மதில் நகர்கிறது என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நகரகீர்த்தியின் வரலாற்றில் முதல் தடவையாக, அதில் வந்த ஒன்றை ஊரே நம்பியது.

செய்தி எட்டிய மறுநாள் குழந்தைவேலு நேரிலேயே வந்துவிட்டார். ஒரு பக்கம் இராமகிருஷ்ணன், மறு பக்கம் தனபாலசிங்கம். மதிலின் முன்னால் நின்று தன்னுடைய இரண்டு பாதிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னைய யாரு கிழிச்சது?"

"மதிலுங்க ஐயா," என்றான் மோகனராஜ்.

தனபாலசிங்கம் பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து, இரண்டு கண்களுக்கும் இடையில் வைத்தார். "நல்லா நகருது," என்றார்.

"என்ன நகருது?"

"மதில்..." என்றவர் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். "இல்லை ஐயா, பேப்பர்தான்."

குழந்தைவேலு அதை உடனே பிய்த்து எறியச் சொன்னார். இது பத்திரிகைச் சுதந்திரத்தின் மீது விழுந்த அடி என்றார். மோகனராஜ் சின்ன வயதில் அவர் கையால் பரிசு வாங்கியவன். இருந்தாலும் அவன் நகர்ந்துபோய்ப் பத்திரிகைக்கு முன்னால் நின்றுகொண்டான்.

"பிய்க்க முடியாதுங்க ஐயா. பேப்பர் ஒட்டச் சொன்னது சார்தான். கிழிஞ்சதுன்னு போய்ச் சொன்னா திகதி கேட்டாரு. இப்ப திகதி இருக்கு. சாட்சி கேட்டாரு. ஐயாவே இருக்கீங்க. ஒங்கள விடப் பெரிய சாட்சிக்கு நாங்க எங்க போறது?"

மற்ற நான்கு வீட்டுக்காரரும் வந்து அவனுக்கு இரு பக்கமும் நின்றார்கள். துஷ்யந்தி தையல் கத்தரிக்கோலைக் கையில் வைத்திருந்தாள். அவள் வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. குழந்தைவேலு இராமகிருஷ்ணனுக்குக் கண் காட்டினார். இராமகிருஷ்ணன் கையை நீட்டினார். முதலாளியின் மிச்ச முகத்தையும் முதலாளிக்கு முன்னாலேயே கிழிப்பதா என்று தயங்கினார். கையை மடக்கிக்கொண்டார்.

அடுத்த இதழில் 'மதில்களின் நன்றிகெட்டதனம்' என்று ஓர் ஆசிரியத் தலையங்கம் வந்தது. குழந்தைவேலுவின் படம் முத்திரை அளவுக்குச் சிறுத்திருந்தது. மோகனராஜ் அதையும் ஒட்டினான். வெடிப்பு அதையும் தேடிப் பிடித்தது. அதற்கடுத்த வாரம் குழந்தைவேலு ஒரு விழாவுக்கும் போகாமல், தனக்குப் பதிலாகப் பவளவிழாக் குழுப் பொருளாளரை அனுப்பினார். பொருளாளருக்குத் தாடை கிழிந்தது. அவருடைய மனைவி சந்துக்கு வந்து பார்த்துவிட்டு, இனி எங்கள் வீட்டில் யாரும் விளக்கேற்றப் போகக்கூடாது என்று சொல்லிப் போனார். வாசிகசாலை விழாவின் கௌரவ அதிதிக்குக் காதிலிருந்து காது வரை போயிற்று.

அதன் பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிரதம அதிதிகளுக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தது. பரிசளிப்பு விழாவில் அதிபர் மேடையில் தனியாக நின்று யாராவது வாருங்கள் என்று அழைத்தார். வழக்கமாக முன்வரிசைக் கதிரைக்குச் சண்டை பிடிக்கிறவர்கள் பெற்றோர்களுக்குப் பின்னால் போய்க் குனிந்து உட்கார்ந்தார்கள். ஒரு சமாதான நீதவான் நகரகீர்த்தியின் கமராவைக் கண்டதும் வெயிலே இல்லாத மண்டபத்துக்குள் குடையை விரித்தார். பிள்ளைகள் தாங்களே ஒருவருக்கொருவர் பரிசுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டு வேளைக்கே வீடு போனார்கள்.

அந்தச் சனிக்கிழமை நகரகீர்த்தியில் போட ஒரு முகமும் கிடைக்கவில்லை. செய்தி போடலாமே என்று இராமகிருஷ்ணன் சொல்லிப் பார்த்தாராம். அது எப்படிப் போடுவது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கடைசியில் பக்கத்தை எப்போதும் போலவே அமைத்தார்கள். படங்களுக்கான கட்டங்கள் வெறுமையாக இருந்தன. ஒவ்வொரு கட்டத்தின் கீழும் 'படத்தில் காணலாம்' என்று இருந்தது.

மோகனராஜ் அதையும் கொண்டுபோய், மிகப் பெரிய கட்டம் வெடிப்பின் மேல் வரும்படி பார்த்து ஒட்டினான். அன்று கண்டிப் பக்கமிருந்து கறுப்பு மழை இறங்கி வந்தது. மறுநாள் காலையில் கட்டம் நடுவே பிளந்து, ஓரங்கள் இரு பக்கமும் சுருண்டு, உள்ளே மதிலின் வெடிப்பு மேலிருந்து கீழாகப் பளிச்சென்று தெரிந்தது. அதற்குள்ளிருந்து ஈரமண் கசிந்துகொண்டிருந்தது. கீழே, அச்சில், படத்தில் காணலாம். எழுபத்தைந்து வருடங்களாக எழுதி வந்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காண முடிந்தது.

ஊர் அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்தது. அது கண்டிக்கும் மாத்தளைக்கும் அதற்கு அப்பாலும் போயிற்று. பத்திரிகையில் வந்ததா என்று முன்பு கேட்ட அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்து, ஆம், பத்திரிகையில் வந்திருக்கிறது என்று நேரில் உறுதி செய்துகொண்டார்கள்.

பவளவிழாக் குழு அவசரமாகக் கூடியது. விழாவுக்கு அழைக்கப்பட்டிருந்த பிரமுகர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்களுக்கு அன்றைக்குக் கல்யாணம், கருமாதி, வயிற்றுவலி என்று அறிவித்திருந்தார்கள். அதிதி இல்லாத பவளவிழா நடக்காத பவளவிழா. நடக்காத பவளவிழா என்றால் நகரகீர்த்திக்கு எழுபத்தைந்து வயதே ஆகவில்லை. இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது குழந்தைவேலு முதன்முதலாகப் பொறியியலாளரைப் பார்த்து, மதிலை என்ன செய்யலாம் என்று கேட்டாராம். மண்ணை எடுக்க வேணும் என்றார் தனபாலசிங்கம். அதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டபோது, நீங்கள் கேட்கவில்லையே ஐயா என்றார்.

லொறிகள் கொட்டிய மண்ணை லொறிகள் திரும்ப எடுத்துப் போயின. பழைய மதிலை மேலிருந்து கல் கல்லாகக் கழற்றி, கொங்கிரீட்டும் கம்பியும் போட்டு, தண்ணீர் வடிந்துபோகக் குழாய்கள் வைத்துப் புதிதாகக் கட்டினார்கள். நகரகீர்த்தி இதை 'பவளவிழா மதில் அழகுபடுத்தல் திட்டம்' என்று எழுதியது. தாமதமாக வெளிவந்த பவளவிழா மலரில், பத்திரிகையின் வரலாறு என்ற நீண்ட கட்டுரையின் கடைசிப் பந்தியில், 'அண்மைக் காலத்தில் எமது இதழ் காகிதத்தைக் கடந்து சுவர்கள் வரை பரந்து மக்களைச் சென்றடைந்தது' என்று இருக்கிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

புது மதிலுக்குத் திறப்பு விழா வைத்தார்கள். குழந்தைவேலு நாடா வெட்டினார். மேலிருந்து எதுவும் விழவில்லை. படத்துக்கு நிற்க வாருங்கள் என்று பீலிச் சந்துக்காரரைக் கூப்பிட்டபோது ஒருவரும் வரவில்லை. எல்லோரும் அவரவர் வீட்டுப் பின்வாசலில் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படப்பிடிப்பாளர் எவ்வளவு முயன்றும் படத்தின் ஓரத்தில் ஒரு பிரதேசக் காதுகூடக் கிடைக்கவில்லை.

போகும்போது குழந்தைவேலு மோகனராஜின் பின்வாசலில் நின்றார். இப்போது மதில் இரும்பு மாதிரி இருக்கிறது, இனி அந்த ஒட்டுகிற வேலையை விட்டுவிடலாம் அல்லவா என்று, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"இல்லீங்க ஐயா," என்றான் மோகனராஜ். "சந்தா கட்டிட்டேன்."

நிரோஷினி பழைய அறைக்கே திரும்பிப் படிக்கிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் மோகனராஜ் கடையிலிருந்து வந்ததும் பசை காய்ச்சி, முதல் பக்கத்தைப் புது மதிலில், பழைய வெடிப்பு இருந்த அதே இடத்தில் ஒட்டுகிறான். அதிதிகள் திரும்பி வந்துவிட்டார்கள். விளக்குகள் ஏற்றப்படுகின்றன, பொன்னாடைகள் போர்த்தப்படுகின்றன, 'கு'வில் தொடங்கும் சொற்கள் இன்னமும் வருவதில்லை. இதுவரை எந்த முகமும் கிழியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், உடற்பயிற்சிக்கு நடக்கிறவர் போல, வெள்ளைச் சப்பாத்தும் கையில் குடையுமாக ஒருவர் பீலிச் சந்துக்குள் வருகிறார். மதிலருகே குனிந்து, ஒட்டியிருக்கும் படத்தில் விரலால் தன்னுடைய மூக்கின் மேல் மெதுவாகத் தடவிப் பார்க்கிறார். வடிகுழாய்களில் தண்ணீர் போகிறதா என்றும் பார்க்கிறார். ஐந்து வீட்டுப் பின்வாசல்களிலிருந்தும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். இதைப் படத்தில் காண முடியாது. வந்தால் காணலாம்.